கூப்பிடு சொல்

வாயை மூடிக்கொண்டிருந்தால் வம்பு வராது என்று சொல்லிவைத்தவர்கள் யாரும் நீலக்காயலில் இறங்கியது கிடையாது. அங்கே எல்லோரும் வாயில் குழாயைக் கடித்துக்கொண்டுதான் மிதக்கிறார்கள். வம்புக்கு ஒரு குறைவும் இல்லை.

திருச்செந்தூர்ச் சாலையில், கடலைப் பார்த்தாற்போல் இருக்கிறது அந்த நீர்ப்பூங்கா. கடலுக்குள் இருந்த பவளமெல்லாம் சூட்டில் வெளுத்துச் செத்த பிறகு, ஒரு கம்பெனிக்காரன் கரையை வெட்டிக் காயல் ஒன்றை உண்டாக்கினான். அச்சில் வார்த்த பவளத்தை அடியில் நட்டான். தொட்டியில் வளர்த்த மீன்களைக் கொண்டுவந்து விட்டான். கண்ணுக்குக் கண்ணாடியும் வாய்க்கு மூச்சுக் குழாயுமாகக் குப்புற மிதந்துகொண்டே, ஒரு காலத்தில் கடல் எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டு வரலாம். காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

வடிவுக்கு மீன் பார்க்கிற ஆசையெல்லாம் இல்லை. அவள் தன் தங்கச்சியைப் பார்க்கத்தான் போனாள். கண்ணை எடுக்காமல் பார்க்க.

தங்கச்சி ஆவுடை வீட்டுக்கு வந்து சேர்ந்தது போன ஆடியில். கட்டினவன் பெங்களூரில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று தெரிந்ததும், "நீ எதுக்குட்டி அங்க கெடந்து அழுத? எங்கூட வா" என்று போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததே வடிவுதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று பிற்பாடு நினைத்தாள். அந்த ஓணானாவது பிறாண்டியிருந்தால் பரவாயில்லை, விரட்டிவிடலாம். அது ஒன்றுமே செய்யவில்லை. வாசல் தெளித்தது. சொதி வைத்தது. அத்தானின் பேட்டரிக் கடையில் ஆள் வராத நாளில் போய் உட்கார்ந்தது. அத்தான் சொல்லும் சிரிப்புக் கதைகளுக்கு விழுந்து விழுந்து சிரித்தது. வடிவு கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அதே கதைகள்!

முன்பெல்லாம் வடிவின் புருஷன் நம்பிராஜன் வீட்டுக்குள் காலை வைத்ததும், "ஏட்டி, தண்ணி" என்பான். இப்போது, "ஆவுடை சாப்ட்டாளா?" என்கிறான். வயிறு பற்றிக்கொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த நேரம் பார்த்து ஆவுடைக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை நியூசிலாந்தில் ஒரு பால் பண்ணைக்கு மேலாளர். பெண்டாட்டி இறந்தவன், தலையில் முக்கால்வாசி நரை. மனிதரைவிட மாடு அதிகமான ஊராம். போனால் நாலைந்து வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. அவன் லீவு முடிவதற்குள் பதிவுக் கல்யாணத்தை முடித்தாக வேண்டும் என்பதால், "ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள உண்டு, இல்லன்னு சொல்லிரணும்" என்று கல்லிடைக்குறிச்சி மாமா கறாராகச் சொல்லிவிட்டார்.

"அக்கா என்ன சொல்லுதாளோ அதான்" என்று ஆவுடை ஒதுங்கிக்கொண்டாள்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. போ என்றால், கூடப் பிறந்தவளைத் துரத்திவிட்டாள் என்று ஊர் பேசும். போகாதே என்று சொல்ல வயிறு இடம் கொடுக்கவில்லை. இந்த இழுபறியோடே ஞாயிற்றுக்கிழமையும் விடிந்துவிட்டது. "ஆளுக்கொரு மூலையில மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுக் கெடக்கதுக்கு, வாங்க, காயலுக்குப் போயிட்டு வருவோம்" என்று நம்பிராஜன் கடை வண்டியைக் கிளப்பினான்.

பூங்காவின் முகப்பில் பிரிஸ்கா என்றொரு பெண் முகமூடிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். மணப்பாட்டுக்காரி. கையும் ஓயாது, வாயும் ஓயாது.

"தண்ணிக்குள்ள பேச முடியாதுல்லா, அதுக்குத்தான் இது" என்று கழுத்தில் கட்டுகிற பட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "வாய அசைக்கவே வேண்டாம் மேடம். மனசுக்குள்ள பேப்பர் படிக்கோம்லா, அந்த மாதிரி சொன்னாப் போதும். அப்படிச் சொல்லும்போது தொண்டையில ஒரு அசைவு இருக்கும், நமக்கே தெரியாது. அத இந்தப் பட்டை பிடிச்சு, ஒங்க குரல்லயே அவங்க காதுக்குக் கொண்டு போயிரும். காதுக்குப் பின்னால இந்தப் பொட்ட ஒட்டிக்கிடணும். ஆருக்குப் பேசணுமோ அவங்களக் கூப்புட்டுட்டுப் பேசுங்க. அவங்க முகமூடியில, நெத்திக்கு நேரா லைட்டு எரியும். எரிஞ்சா, போய்ச் சேந்துட்டுன்னு அர்த்தம்."

"நெத்தியில எதுக்கு லைட்டு?" என்றான் நம்பிராஜன்.

"காவல் இருக்கவங்களுக்குத் தெரியணும்லா சார், ஒருத்தரு கூப்பாடு போட்டா இன்னொருத்தருக்குக் கேட்டுச்சா இல்லையான்னு. சரி, சொல்லுங்க மேடம், சாரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றாள் வடிவு.

"ஆரு பேரக் கேட்டா? கூப்பிடு சொல்லச் சொல்லுங்க. அடுப்படியில இருந்து நித்தம் ஒரு சத்தம் குடுப்பீங்கள்லா, அது."

"அத்தான்னு."

"பட்டையக் கட்டிக்கிட்டு ஒரு தடவ சத்தமாச் சொல்லுங்க, பதியட்டும்."

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். வடிவு குனிந்துகொண்டு, "அத்தான்" என்றாள். சவம், எவ்வளவு கூச்சமாக இருந்தது! வீட்டில் இப்படிக் கூப்பிட்டே ரொம்ப நாளாகிவிட்டது. இப்போதெல்லாம் "இந்தா பாருங்க" என்பதோடு சரி.

அடுத்து ஆவுடை. "நானும் அத்தான்தான்" என்றாள். அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இவளுக்கு அக்கா" என்றாள்.

"இங்க வார குடும்பத்துல பாதிக்கு மேல இதான் கத" என்றாள் பிரிஸ்கா. "ஒரு அத்தானுக்கு நாலு பேரு. பரவால்ல, மெஷினு குரல வச்சுப் பிரிச்சுக்கிடும்."

நம்பிராஜனுக்கு அந்த வித்தை வரவே இல்லை. கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, மூச்சைப் பிடித்துப் பார்த்தான். பட்டைக்கு ஒன்றும் எட்டவில்லை. "எனக்கு வாய் வழியாத்தான் வருது" என்று சிரித்தான்.

"கேக்க மட்டும் செய்யுங்க சார். கல்யாணமானவங்களுக்கு அது போதும்" என்ற பிரிஸ்கா, வடிவு பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணு மேடம், இது முக்கியம். பழகுன சொல்லு இருக்குல்லா, அது…"

அது என்னவென்று வடிவு கேட்கவில்லை. ஆவுடையின் பட்டை பின்கழுத்தில் பூட்டாமல் நழுவியது. நம்பிராஜன் அவள் பின்னால் நின்று, கொண்டையை ஒதுக்கிப் பிடிக்கச் சொல்லி, அதைப் பூட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பூட்டு விழுகிறவரை வடிவின் காதில் உலகத்துச் சத்தம் ஒன்றும் ஏறவில்லை.

பூங்காவில் கொடுக்கிற ரப்பர் உடுப்பை வேறு போட்டாக வேண்டும். ஆவுடைக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. வடிவுக்கோ கண்ட இடத்தில் பிதுங்கியது. மேலே ஒரு துண்டையாவது கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். தண்ணீரில் கால் சிக்கும் என்று விடவில்லை.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முகத்தைக் கவிழ்த்ததும் முதலில் பயந்துதான் போனாள். அவளுடைய மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. பிறகு கண் பழகியது. அடியில் ஊதாவும் மஞ்சளுமாகப் பவளம், அதன் சந்துகளில் கிளிமீன் கூட்டம். ஐயோ, என்ன பச்சை! ஒரு நிமிஷம் வடிவு எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். ஒரே ஒரு நிமிஷந்தான்.

தலையைத் திருப்பியபோது நம்பிராஜன் கொஞ்சம் தள்ளி மிதந்துகொண்டிருந்தான். அவன் நெற்றியில் விளக்கு எரிந்தது.

வடிவு அவனைக் கூப்பிடவில்லை. அவனை அத்தான் என்று அழைக்க அந்தக் காயலில் இன்னும் ஒருத்திதான் இருந்தாள். அவள் வடிவுக்குப் பக்கத்திலேயே, கை எட்டுகிற தூரத்தில், அசையாமல் மிதந்துகொண்டிருந்தாள்.

நம்பிராஜன் திரும்பினான். இவர்கள் இருந்த பக்கம் பார்த்துக் கையை ஆட்டினான். கண்ணாடிக்குள் கண் இரண்டும் இடுங்கின. அவன் சிரித்தால் அப்படித்தான் இடுங்கும். கல்யாணமான புதிதில் வடிவு அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் மயங்கினாள்.

விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எரிந்தது. மறுபடியும் கையை ஆட்டினான்.

'வாயத் தொறந்து பேசுனா எனக்குக் கேட்டுரும்னு தொண்டைக்குள்ள பேசுதியா?' என்று வடிவு மனசுக்குள் கறுவினாள். 'பட்டப் பகல்ல, நான் பக்கத்துல இருக்கும்போதே! அத்தானாம் அத்தான்! இந்த அத்தானுக்கு இவ்வளவு சிரிப்பு எங்க இருந்துச்சு? அத்தான் எங்கிட்ட இப்படிக் கையாட்டி எத்தன வருசமாச்சு?'

நம்பிராஜன் நெற்றியில் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

அப்போதுதான் அவள் காதுக்குள், மண்டை ஓட்டுக்கே உள்ளேயிருந்து வருவதுபோல, ஆவுடையின் குரல் கேட்டது. "அக்கா. ஒண்ணு கேக்கணும்."

அங்கே கொஞ்சிவிட்டு இங்கே வருகிறாளா? வடிவு காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பொட்டைப் பிய்த்து, உடுப்பின் கைமடிப்புக்குள் திணித்துக்கொண்டாள். அப்பாடா! மூச்சுச் சத்தம் மட்டும் மிச்சம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சின்னச் சின்ன வெள்ளி மீன்கள் கூட்டமாக வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றன. விலகிப் போயின. கொஞ்ச நேரம் கழித்து ஓடிவந்து மறுபடியும் நின்றன. எதற்காக வருகின்றன, எதற்காகப் போகின்றன என்று அவளுக்கு விளங்கவில்லை. 'எம் மூஞ்சியப் பாக்க மீனாவது வருதே' என்று ஒரு ஆறுதல்.

ஆவுடை தண்ணீருக்குள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண் சிமிட்டவே இல்லை. எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. 'என்ன பார்வை? மாட்டிக்கிட்டோமேன்னு பாக்கியா?' வடிவு முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு, காலை உதைத்து அந்தப் பக்கம் போனாள். வெள்ளி மீன்கள் கொஞ்சத் தூரம் கூடவே வந்து, பிறகு ஒரேயடியாகக் கலைந்துவிட்டன. அதன் பின் வரவில்லை.

கரையேறியபோது ஆவுடையின் கண்கள் சிவந்திருந்தன.

"உப்புத் தண்ணி" என்றாள், யாரும் கேட்காமலே.

நம்பிராஜன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். வடிவைப் பார்ப்பதும், ஆவுடையைப் பார்ப்பதும், என்னவோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொள்வதுமாக இருந்தான்.

"என்ன சிரிப்பு?" என்றாள் வடிவு.

"ஒண்ணுமில்ல. பொறவு சொல்லுதேன்" என்று முகமூடிகளைப் பொறுக்கிக்கொண்டு முகப்புக்கு நடந்தான்.

அது போதாதா? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சின மாதிரி ஆகிவிட்டது.

ஆவுடை அக்காவுக்கு நேரே வந்து நின்றாள். குரல் நிதானமாக இருந்தது. "அப்பம் மாமாக்குச் சரின்னு சொல்லிரட்டாக்கா?"

வடிவு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைமடிப்பைப் பார்த்துக்கொண்டே, "சொல்லு" என்றாள். "நல்ல எடந்தான். வந்த சீதேவியக் காலால தள்ளக் கூடாது."

ஆவுடை தலையை ஆட்டினாள். பையிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டு தென்னை நிழலுக்குப் போனாள். "மாமா, நான் ஆவுடை பேசுதேன்" என்று தொடங்கியது மட்டும் கேட்டது.

முடிந்தது. எட்டு மாத எரிச்சல் ஒரே வார்த்தையில் முடிந்தது. சந்தோஷமாக இருக்கிறதா என்று வடிவு தன்னைத்தானே கேட்டுக்கொண்டே முகப்புக்கு நடந்தாள்.

அங்கே நம்பிராஜன் அவளை ஓரமாகக் கூப்பிட்டான். "ஆவுடை முன்னால சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. ஏட்டி, என்ன இன்னைக்கி இப்படி?"

"எப்படி?"

"தண்ணிக்குள்ள கெடந்த நேரம் பூரா அத்தான், அத்தான், அத்தான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தியே! கூப்புட்டு ஒண்ணும் சொல்லாம விட்டுருத. எனக்குத்தான் பதில் சொல்ல வரலியே, அதான் ஒவ்வொரு வாட்டியும் கையக் காட்டுனேன். பாத்தியா இல்லியா?"

"நான் கூப்பிடல" என்றாள் வடிவு.

"பின்ன ஆரு? ஒங்கொரலு எனக்குத் தெரியாதா? மொத வருசம் கூப்புடுவியே, அந்தக் கொரலு." நம்பிராஜனுக்கு நரைத்த மீசைக்கடியில் வெட்கமே வந்துவிட்டது.

"ஆவுடை…"

"அவளா? அவ ஒரு வாட்டிகூடக் கூப்பிடலியே. ஏன் கேக்க?"

முகமூடிகளை வாங்கிக்கொண்டிருந்த பிரிஸ்கா சும்மா இருப்பாளா? "நாந்தான் காலம்பறயே சொன்னேம்லா மேடம், நீங்க கவனிக்கல. பழகுன சொல்லுக்குத் தொண்டை தன்னால அசையும். மத்த பேச்சு நீங்க வேணும்னு சொன்னாத்தான் போகும். கூப்பிடு சொல்லு அப்படியில்ல. அவங்களயே நெனச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா அது மட்டும் தானாப் போயிரும். கோவத்துல நெனச்சாலும் போகும். போற குரலுல கோவம் தெரியாது, மெஷினு நீங்க பதிஞ்ச குரலத்தான குடுக்கும்? போன மாசம் ஒரு மாமியாளும் மருமகளும் வந்தாவ. நாள் பூரா அத்தே, அத்தேன்னு மருமக கொரலு! மாமியாளுக்கு அழுகையே வந்துட்டு. அந்தப் பிள்ள என்ன நெனச்சுச்சோ, ஆரு கண்டா!"

சிரித்துக்கொண்டே எண்ணி வைத்தவள் நிறுத்தினாள். "ஒங்க காதுப் பொட்டு எங்க மேடம்?"

வடிவு கைமடிப்பிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"கழட்டியா வச்சிருந்தீங்க?" பிரிஸ்காவின் முகம் மாறியது. "ஒங்க லைட்டு எரிஞ்சுதே! காயலுக்குள்ள பாக்குத இந்தக் கண்ணாடிச் சன்னல் வழியா நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். அப்படி எரிஞ்சுது. அக்காளும் தங்கச்சியும் என்ன பேச்சுப் பேசுதாவன்னுலா நெனச்சேன். மீனெல்லாம் அந்த வெளிச்சத்துக்கு ஒங்க மூஞ்சிய வந்து மொய்ச்சுதே, பாக்கலியா?"

மீன்கள் எதற்கு வந்தன, எதற்குப் போயின என்று வடிவுக்கு இப்போது விளங்கியது. தன் நெற்றி தனக்குத் தெரியாது என்பது எவ்வளவு சின்ன விஷயம்!

அவள் ஓடினாள். ரப்பர் உடுப்போடு, மணலில் கால் புதைய, தென்னை மரத்துக்கு ஓடினாள். ஆவுடை பேசி முடித்துவிட்டு செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லிட்டேன்க்கா. மாமாக்குச் சந்தோசம்."

"ஏட்டி, தண்ணிக்குள்ள என்ன கேட்ட எங்கிட்ட?"

ஆவுடை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மறுபடியும் எதுக்குக்கா அது? நீதான் பதில் சொல்லிட்டியே."

"என்ன கேட்டன்னு சொல்லு."

"எனக்கு அந்த ஊருக்குப் போகப் பிடிக்கல, ஒங்கூடயே இருந்துக்கிடட்டான்னு கேட்டேன்." ஆவுடை அதை எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போலச் சொன்னாள். "நேருல கேட்டா ஒனக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வராது. அதான் தண்ணிக்குள்ள கேட்டேன். நான் பாரமா இருக்கேன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டாம்க்கா, மொகத்தத் திருப்பிக்கோ, நான் புரிஞ்சுக்கிடுதேன்னு சொன்னேன். ஒன் லைட்டு எரிஞ்சுது. நீ திரும்பிக்கிட்ட."

வடிவு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பாவி, என்ன காரியம் செய்தேன்!

"எனக்குக் கேக்கலட்டி. சத்தியமாக் கேக்கல. பொட்டக் கழட்டி வச்சிருந்தேன்."

"ஏன் கழட்டுன?"

காது அரித்தது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆவுடை அதை நம்பியும் இருப்பாள். அல்லது நம்பின மாதிரி நடந்துகொண்டு நியூசிலாந்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். இரண்டாவதுதான் நடக்கும் என்று வடிவுக்குத் தெரிந்தது.

"அத்தான் நெத்தியில லைட்டு எரிஞ்சுது" என்றாள். "நீ கூப்புடுதேன்னு நெனச்சேன்."

"நானா?"

"எரிச்சல்ட்டி. வயித்தெரிச்சல். நீ சொதி வச்சா எரிச்சல், நீ சிரிச்சா எரிச்சல். ஆவுடை சாப்ட்டாளான்னு அவிய கேட்டா, ரெண்டு நாளைக்கி எனக்குச் சோறு எறங்காது. போதுமா?"

ஆவுடை அக்காவுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தாள்.

"தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். நான் என்ன கோட்டியா? கார்த்திகைக்கே தெரியும். அதுக்குப் பொறவு அத்தான் கிட்டப் பேச்சையே கொறச்சுக்கிட்டேன், நீ அதையும் கவனிக்கல." அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "நீ வாயத் தொறந்து ரெண்டு திட்டுத் திட்டிருந்தா நானும் பதிலுக்குத் திட்டிருப்பேன். சண்ட போட்டுக்கிட்டாவது இருந்திருப்பேன்லா. நீ நல்லவளாவே இருந்துட்ட. நல்லவ வீட்டுல எத்தன நாளைக்கிக்கா இருக்க முடியும்?"

வடிவு கையை நீட்டினாள். "போனத் தா. மாமாட்ட நான் பேசுதேன்."

ஆவுடை தரவில்லை. செல்போனைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சின்ன வயசில் மாங்காய்க் கீற்றை அப்படித்தான் மறைப்பாள்.

"இரு. இன்னொரு வாட்டி கேக்கேன். இப்பம் லைட்டும் கெடையாது, பொட்டும் கெடையாது. மொகத்தத் திருப்பாமச் சொல்லு. நான் இருக்கட்டா?"

அந்த நேரம் பார்த்துத்தானா அவன் வர வேண்டும்? நம்பிராஜன் மூன்று டீயைத் தட்டில் ஏந்திக்கொண்டு, சிந்திவிடாமல், மணலில் ஆடி ஆடி வந்தான். இங்கே என்ன நடக்கிறது என்று அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. முதல் டம்ளரை எடுத்து நீட்டினான்.

"ஆவுடை, இந்தா. ஒனக்குச் சீனி கம்மியாத்தான் போடச் சொன்னேன்."

குபுக்கென்று எரிந்தது. எங்கேயும் போய்விடவில்லை அது. இப்போதுதான் மூட்டின மாதிரி, அடிவயிற்றில் நின்று எரிந்தது. வடிவின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. நரம்பு புடைக்க அதைப் பிடித்து நிறுத்தினாள். தங்கச்சியின் முகத்தை, அந்தச் சிவந்த கண்ணை, நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"இருந்து தொல" என்றாள்.

ஆவுடை டீயை வாங்கிக்கொண்டு, செல்போனை அக்காவின் கையில் வைத்தாள்.